கொழுந்தன் மறைத்ததை நான் சொன்னேன்

என் கணவர் திண்டுக்கல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர். தோள்வலி தெரியாமலிருக்க, பாரம் ஏற்றும் முன் அங்கே சிலர் கஞ்சா புகைப்பார்கள்; இவரும்தான். போன வருஷம் ஒரு நண்பகல், புகைத்த கையோடு மூட்டையைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் கொழுந்தனும் ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

"ஏதாவது பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்கண்ணன் வெத்தலகூடப் போட மாட்டாருங்க" என்றார் கொழுந்தன். குடும்ப மானம் போய்விடுமென்று பயம்.

டாக்டர் முன் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். "பொய்யி சார். கஞ்சா குடிச்சுட்டுத்தான் மூட்டையத் தூக்குனாரு."

நாடி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அதாம்மா நெஞ்சு இந்த ஓட்டம் ஓடுது. அதோட பாரமும் தூக்கினா இதயம் தாங்காது. நல்லவேளை, மறைக்காம சொன்ன."

பிழைத்து வந்தவர் அதன்பின் கஞ்சாவைத் தொடவில்லை. கொழுந்தன்தான் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. நான் கவலைப்படவில்லை. இப்போது எங்கள் தெருவில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடவே போய், உள்ளதைச் சொல்ல வைக்கிறேன்.

சென்ற வாரம் கொழுந்தனே வாசலில் வந்து நின்றார். நெஞ்சு படபடக்கிறதாம்.

"மதினி, நானும் அதைக் குடிக்கிறேன். அண்ணனுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் டாக்டர்ட்ட நீங்களே வந்து சொல்லிருங்க."