வெளி அடுப்படி

மெல்பர்னில் எங்கள் வீட்டில் மீன் வறுத்தால் கூரை அலறும். சமையலறை வாசலுக்கு மேலே சின்ன வெள்ளைத் தட்டுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்மோக் அலாரத்துக்கு வஞ்சிரமும் தெரியாது, நெத்திலியும் தெரியாது. மசாலா தடவிய துண்டு எண்ணெயில் விழுந்ததும் வீடே தீப்பற்றிவிட்டதுபோலக் கத்தத் தொடங்கும். உடனே என் மகள் துவாலையை எடுத்துக்கொண்டு ஓடி அதற்குக் கீழே நின்று விசிறுவாள். என் மனைவி ஜென்சி சன்னல்களை எல்லாம் திறந்துவிடுவாள். வந்த புதிதில் ஒரு நாள் அது அப்படி அலறியபோது, பக்கத்து வீட்டு கிரஹாம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "யூ ரைட்?" என்று கேட்டார். நீ செய்வது சரிதானா என்று அதட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். "நோ, நோ சார், சாரி" என்றேன் பணிவாக. அவர் முகம் மாறியது. தீயணைக்கும் சிவப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி ஓடி வந்துவிட்டார். உதவி வேண்டுமா என்பதைத்தான் இந்த ஊரில் அப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அடுப்பில் இரண்டு துண்டு மீனைப் பார்த்ததும் அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "இதையெல்லாம் வெளியே வைத்துச் சமைக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வைத்துச் சமைப்பது இங்கே ஓர் ஆசை. வசதி வர வர, கொல்லைப்புறத்தில் மரத்தளம் போட்டு, மேலே கூரை வேய்ந்து, அடுப்பை அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். டெக் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறைச்சி வேகும் வாசனையும் சிரிப்பும் வரும். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் வெளியே சமைத்தவர்கள் எல்லாம் என்றைக்கு உள்ளே போய்ச் சமைப்போம் என்று ஏங்கியவர்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா ஸ்டெல்லா.

எங்கள் அப்பா பிறர் கழனியில் கூலி வேலை செய்தவர். ஊரைச் சுற்றி ஆலைகள் வந்த பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு லாரியில் மூட்டை ஏற்றப் போனார். அவரும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோனபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சு அதோடு நின்றது. வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுப்பு கூட்டி, தொழிற்பேட்டைக்கு வந்த வடநாட்டுப் பையன்களுக்குச் சோறாக்கிப் போட ஆரம்பித்தாள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். திட்டுவதற்கு வேண்டிய இந்தியை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். முதலில் திறந்தவெளியில்தான் சமைத்தாள். ஆனால் இரும்பு உருக்கும் ஆலைகளின் கரித்தூள் எங்கள் பக்கம் ஓயாமல் விழும். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த பையன் ஒருவன் சோற்றுக்குள்ளிருந்து கறுப்புத் துகளைப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைத்தான். அதைப் பார்த்த அக்கா அந்த வாரமே அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் சிமென்ட் ஷீட் அடித்து மூடிவிட்டாள். விறகுக்கு, இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பலகை. ஆலைக்கு வெளியே உடைத்துக் கட்டுக்கட்டாக விற்பார்கள். தெருவில் எல்லோரும் அதைத்தான் எரித்தார்கள். பூச்சி அரிக்காமலிருக்க ஏதோ மருந்து ஏற்றிய கட்டை அது. எரியும்போது நெருப்பின் ஓரம் பச்சையாகத் தெரியும், கண் கரிக்கும். அந்த அடுப்பிலிருந்துதான் நான் ஐடிஐ படித்தேன், காக்களூரில் வெல்டிங் பட்டறையில் சேர்ந்தேன், பிறகு இந்த நாட்டுக்கு விமானம் ஏறினேன்.

போன வருடம் ஒருவழியாக அக்கா எங்களோடு சில மாதம் தங்க வருவதற்கு ஒத்துக்கொண்டாள். சமையலறையில் கால் வைத்தால் கூரை கத்துகிற வீட்டில் அவளால் ஒரு நாளும் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சும்மா உட்காரவும் அவளுக்குத் தெரியாது. அதனால்தான் கொல்லைப்புறத்தில் கூரை போட்ட சமையல் தளம் ஒன்று கட்ட முடிவு செய்தேன். பல இரவல் யோசனைகளைக் கலந்து ஒரு வரைபடம் போட்டு வீடியோ அழைப்பில் அவளுக்குக் காட்டினேன். படத்தை அவள் பார்க்கவே இல்லை.

"காத்து எந்தப் பக்கத்திலேர்ந்து வருதுன்னு பாத்தியா?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா."

"அத்த மொதல்ல பாருடா. அத்தப் பாக்காம அடுப்பு வெச்சா ஊடு பூரா பொகைதான். கூரைய ஒரு பக்கம் தூக்கிக் கட்டு. பொகைக்குப் போவ வழி வோணும் இல்ல?" கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "அடுப்பு ரெண்டு வையி. ஒண்ணு நின்னுகினு தோசை சுட. இன்னொண்ணு முட்டிக்குக் கீழ. ஒசரத்துல குண்டான வெச்சிகினு எவன் கிண்டுவான்?"

"இங்க யாருக்குக்கா குண்டான்ல ஆக்கப்போற?"

"நான் வந்தா நாலு பேரு வர மாட்டாங்களா?"

அவள் சொன்னபடியே வரைந்தேன். நகராட்சி அனுமதி வாங்கி, வேலியிலிருந்து தள்ளி, வேலையைத் தொடங்கினேன். கிரஹாம் ஓய்வுபெற்ற தச்சர். கேட்காமலே வந்து சேர்ந்துகொண்டார். குழி தோண்டிக் கான்கிரீட் ஊற்றி, மரக்கால்கள் ஈர மண்ணைத் தொடாதபடி இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்தினோம். பலகைகளுக்கு இடையே மழைத் தண்ணீர் இறங்க ஒரு ஆணி பருமனுக்கு இடைவெளி விட்டோம். நெருப்புப் பொறி விழும் இடத்தில் மட்டும் மரத்துக்குப் பதில் கல் பதித்தோம். தகரக் கூரை வீட்டுப் பக்கம் தாழ்ந்து தோட்டத்துப் பக்கம் உயர்ந்தது. தாழ்வான அடுப்பு மேடையை நான் கட்டி முடித்த அன்று கிரஹாம் அதன் மேல் வசதியாக உட்கார்ந்து, கையால் தட்டிப் பார்த்து, "பீர் குடிக்க அருமையான இடம்" என்றார். அது அடுப்பு என்று நான் சொன்னேன். குழந்தைகளுக்கா என்று கேட்டார். இல்லை, என் அக்காவுக்கு என்றேன். என் அக்கா மிகவும் குள்ளமானவள் என்று அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நாகரிகம் கருதி அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

தளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த ஒரு மதியம் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா அல்ல, அவளோடு சமையல் வேலை செய்யும் நாகம்மா. ஆந்திர எல்லையோரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். விசாவுக்காக அக்காவுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அது சடங்குதான் என்று நினைத்திருந்தேன்.

"நைனா, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிகினு கீது. நான் சொல்லிடறேன். அதுக்கு மூச்சு வுட முடியல நைனா. கொழாயாண்ட போய் ஒரு கொடம் தண்ணி எடுத்தாந்தா அப்படியே உக்காந்துக்குது. மெட்ராஸ்ல பெரிய டாக்டரு பாத்தாரு. நெஞ்சு ரெண்டும் பொகைல வெந்து போயி கீதாம். ஏரோப்ளேன் ஏறவே கூடாதுன்னுட்டாரு."

தூரிகையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்தேன். அழைப்புகளில் அக்காவின் பேச்சு வரவரச் சுருங்கியதை வேலை அவசரம் என்றே எண்ணியிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து கிரஹாம் பார்த்துவிட்டு, வழக்கம்போல "யூ ரைட்?" என்றார். அக்கா வரமாட்டாள், அவள் நுரையீரலைப் புகை தின்றுவிட்டது என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "ஹெவி ஸ்மோக்கரா?" என்று மெதுவாகக் கேட்டார். என்ன சொல்வது? மூன்று பக்கம் மூடிய கொட்டகையையும், பச்சை விளிம்போடு எரியும் கட்டையையும், தட்டின் ஓரத்தில் வைத்த கறுப்புத் துகளையும் என்னிடமிருந்த ஆங்கிலத்தில் எந்த முனையிலிருந்து தொடங்குவது? "யெஸ்" என்றேன். "இருபது வருஷத்துக்கும் மேலே." அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். வெற்றிலைகூடப் போடாத என் அக்கா அந்தத் தோட்டத்தில் புகைபிடிக்கும் பெண்ணானாள்.

அடுத்த மாதமே ஊருக்குப் போனேன். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கியபோது வானம் நான் விட்டுப்போன அதே பழுப்பு. அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். எலும்பு தெரிந்தது. "ஏண்டா எளச்சிட்ட?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள். "நாஷ்டா துண்ணியா?" உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போனேன். கொட்டகைக்குள் நாகம்மா புகையில் பாதி மறைந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குண்டானைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வெறி வந்தது. சுத்தியலை எடுத்துவந்து, இந்த ஷீட்டுகளை இப்போதே உடைக்கப்போகிறேன் என்றேன்.

அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்துவிட்டாள். "தொறந்தா சோத்துல வுழும்," என்றாள். நின்று மூச்சை இழுத்தாள். "மூடினா நெஞ்சுல வுழும். எங்கியாவது வுழத்தான்டா போவுது."

"அப்ப சமைக்கிறத நிறுத்து."

"பசங்க எங்க போவாங்க? இவளுக்கு வேற இன்னா பொழப்பு கீது?"

சுத்தியலைக் கீழே வைத்தேன். அவள் வந்து நிற்பதற்காக ஒரு நாட்டில் காற்றின் திசை பார்த்துக் கூரை தூக்கிக் கட்டிவிட்டேன். அவள் நிற்கிற இடத்தில் திறந்துவிடுவதற்கு வெளி என்று ஒன்று இல்லை. மறுநாள் காக்களூர் போய், பழைய பட்டறையில் தகடு வாங்கி, நானே வெட்டி வெல்டிங் அடித்தேன். அடுப்புகளுக்கு மேலே பெரிய கூடுபோல ஒன்று. அதிலிருந்து ஷீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் உயரமான குழாய். புகையை இழுக்க உள்ளே ஒரு விசிறி. சாம்பாருக்கும் பொரியலுக்கும் கேஸ் அடுப்பு வைத்தேன். சோறு வடிக்கும் குண்டானுக்கு மட்டும் விறகு நின்றது. இனி பெட்டிக் கட்டை வேண்டாம், சவுக்குக் கட்டைதான் என்று நாகம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். விசிறியைப் போட்டதும் புகை கூட்டுக்குள் ஏறிப் போனதைப் பார்த்து அவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "இத்தினி நாளு எங்க போன நைனா?" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

அக்கா வாசல் நாற்காலியில் சாய்ந்து குழாயை அண்ணாந்து பார்த்தாள். எங்கள் புகை கொஞ்ச தூரம் வெள்ளையாக ஏறி, ஆலைகளின் பழுப்போடு கலந்து அடையாளம் தெரியாமல் போனது. பிறகு திடீரென்று கேட்டாள்.

"உன் ஊட்டுல கட்டினியே, அதுல மொதல்ல இன்னா ஆக்கின?"

"இன்னும் பத்த வெக்கலக்கா."

"ஏன்?"

"நீ வந்து பத்த வெப்பன்னு…"

அவள் முகம் சிவந்தது. பேசுவதற்கு முன் பலமுறை மூச்சை இழுக்க வேண்டியிருந்தது. "பேஜாரு புடிச்சவனே. கட்டினது சோறாக்கத்தானே? அது இன்னா கல்லறையா, எவளுக்கோ கட்டி வெச்சிகினு பாக்கறதுக்கு?" இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தடவினேன். என் கையைத் தள்ளிவிட்டாள். "போன ஒடனே பத்த வை."

போன மூச்சு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புறப்படும் நாளில் நான் அழுதேன், அவள் அழவில்லை. அழுதால் மூச்சு முட்டும் என்று நாகம்மா பிறகு சொன்னாள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சென்ற சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தளத்துக்குப் போய்த் தாழ்ந்த அடுப்பைப் பற்றவைத்தேன். குந்தி உட்கார்ந்து கோழிக்குழம்பு வைத்தேன். போனைத் தூணில் சாய்த்து அக்காவை அழைத்தேன். அங்கே அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். அவளுக்குப் பின்னால் தட்டுகளின் சத்தமும் இந்திப் பேச்சும் கேட்டன. கூரையையும் பலகைகளையும் சுற்றிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "தேங்கா பாலு கடைசில ஊத்து," என்றாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். குழம்பு இறங்கியதும் ஜென்சியும் மகளும் தட்டுகளில் போட்டுக்கொண்டு, குளிர் தாங்காமல் உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் சாப்பிடுவது தெரிந்தது. மகள் கண்ணாடியைத் தட்டி என்னை உள்ளே வரச் சொன்னாள். வருகிறேன் என்று கைகாட்டிவிட்டுத் திரும்பினேன். திரையில் அக்கா வெயிலில் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். அழைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நின்றவாறே சாப்பிட்டு முடித்தேன்.