கை எடுத்தால் நிற்கிற வாத்தியம்

இல்லவே இல்லை. சாவு போகும்போது அன்புசெல்வி கீபோர்டு வாசித்தாள் என்று சின்னப்பாப்பா சொன்னால், சின்னப்பாப்பா அன்றைக்கு எங்கே இருந்தாள் என்று முதலில் கேட்க வேண்டும். கல்யாண வரவேற்பில், பந்தியில் இருந்தாள். இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு மேடையில் யார் கை எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்? இரண்டாம் தடவை வடை வரவில்லை என்று சண்டை போட்டாள், அதைக் கேளுங்கள், சரியாகச் சொல்வாள்.

"பொணம் போவுது, ஊரே எழுந்து நிக்கிது, இவ பாட்டுக்கு வாசிக்கிறா. நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருந்தா கை வருமா?" என்று குழாயடியில் அவள் சொன்னது, தேங்காய்த்திட்டில் கிளம்பி சாரம் போய் ரெட்டியார்பாளையம் வரைக்கும் சுற்றிவிட்டுத் திரும்பவும் தேங்காய்த்திட்டுக்கே வந்தது. வரும்போது இன்னும் கொஞ்சம் கொழுத்து வந்தது. அன்புசெல்வி சிரித்துக்கொண்டே வாசித்தாளாம்.

சிரிக்கவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. அவள் கை இரண்டும் மேலே இருந்தன. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் இது புரியும்.

அன்புசெல்வி, மீன் விற்கிற தனத்தின் ஒரே மகள். அப்பன் படகு வேலை, குடித்துக் குடித்தே சீக்கிரம் போய்விட்டான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லாமல் இவளை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பள்ளி முடித்ததும், சாரத்தில் சைக்கிள் கடை மாடியில் ஆர்கெஸ்ட்ரா நடத்திய சக்கரபாணியின் குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தாள். கல்யாண வரவேற்பு, கோவில் திருவிழா, காதுகுத்து, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். மேடையில் ஒரு பெண் நின்று கீபோர்டு வாசிப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். அப்போது சின்னப்பாப்பாவும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

கடலோரத்து வீட்டில் எந்த இரும்பு தாங்கும்? உப்புக் காற்று உள்ளே புகுந்து, அவள் சொந்தமாக வாங்கிய கீபோர்டின் சத்தத்தைத் தின்றுவிட்டது. பழுது பார்த்தவர் திறந்து காட்டினார். உள்ளே எல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது.

"கட்டை எல்லாம் நல்லாருக்கும்மா. சத்தம்தான் செத்துப்போச்சு. கம்ப்யூட்டர்ல மாட்டுனா வாசிக்கலாம்" என்றார் அவர்.

கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? தனம் வழக்கமாக மீன் கொடுக்கிற சொல்தா வீட்டில், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற குடும்பம் அது, பிரான்சிலிருந்து வந்த மருமகன் பழைய லேப்டாப் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தான். எடுத்துக்கொள் என்றார்கள். அதில் எழுத்தெல்லாம் இடம் மாறி இருக்கும். இங்கே நாம் 'கியூ' தட்டுகிற இடத்தில் அங்கே 'ஏ' இருக்கும். திரையில் வருவதெல்லாம் பிரெஞ்சு. அன்புசெல்விக்கு அதில் ஓர் எழுத்துக்கும் பொருள் தெரியாது. மேலிருந்து எத்தனையாவது வரியை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிவிட்டாள்.

வாத்தியங்களும் கம்ப்யூட்டருக்குள் கிடைத்தன. ஷெனாய் ஒன்று, வயலின் ஒன்று, புல்லாங்குழல் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ப்ளக்-இன் என்பார்கள். ஆனால் அவை தாமாக நிற்காது. அவற்றைக் குடிவைக்க ஒரு வீடு வேண்டும், அதுதான் ஹோஸ்ட் சாஃப்ட்வேர். வீடு பெரிதாக இருக்கட்டும் என்று சக்கரபாணி, பாட்டுப் பதிவு செய்கிற இடத்தில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு பெரிய சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து ஏற்றினார். அந்தக் கிழட்டு லேப்டாப் அதைத் தூக்க முடியாமல் தூக்கியது. கட்டையை அமுக்கினால், விரல் அடுத்த இடத்துக்குப் போன பிறகு சத்தம் வரும்.

"வாசிக்க முடியல அண்ணே. கூப்புட்டுட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"நீ வாசிக்கவே வேணாம்மா. வெளியில பதிவு பண்ணி டிராக்கா வாங்கியாந்துட்டேன். ஷெனாய், வயலின் எல்லாம் அதுல ஓடும். நீ கையை மட்டும் வெச்சிக்கினு நில்லு. முழு ஆர்கெஸ்ட்ரா மாதிரி கேக்கும்."

நின்றாள். சில மாதங்கள் அப்படித்தான் நின்றாள். பிடிக்காமல் நின்றாள், ஆனாலும் நின்றாள்.

அப்புறம் அந்த வரவேற்பு. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் பந்தல். பொழுது சாய்கிற நேரம். பாட்டு நடுவில் இருந்தபோது தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டது. கலியபெருமாளின் சாவு அது. படகு வைத்திருந்தவர், ஊரில் பெரிய மனிதர். சாவு கடந்து போகிறவரைக்கும் மைக் நிற்க வேண்டும், கல்யாண வீடானாலும் எழுந்து நிற்க வேண்டும், அங்கே அதுதான் முறை. பாடிக்கொண்டிருந்த புருஷோத்தமன் வாயை மூடினான். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கினார். அன்புசெல்வி கை இரண்டையும் எடுத்தாள்.

ஷெனாய் மட்டும் நிற்கவில்லை.

நிறுத்தப் பார்த்தாள். திரையில் அம்புக்குறி உறைந்துபோய் நின்றது. எதை அமுக்கினாலும் அசையவில்லை. மின்சார ஒயரைப் பிடுங்கினாள், பாட்டரியில் ஓடியது. கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைத் தேடிப் பிடித்து இழுத்தபோது பாடை பந்தலைத் தாண்டிவிட்டது. பின்னால் நடந்து வந்தவர்கள் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வேறு யாரை நினைப்பார்கள்?

இதில் அவள் குற்றம் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் ஊருக்குப் பதில் தேவைப்படவில்லை. துறைமுக ஏலத்தில் தனத்தின் கூடையைக் கடைசியில்தான் பார்த்தார்கள். மிச்சம் மீதி மீனோடு மார்க்கெட்டுக்குப் போய், வீடு வந்து கூடையை வைத்ததும் தனம் மகளைத்தான் பார்ப்பாள்.

"செத்தவரு வீட்டுக்காரங்க கால்ல விழுந்தா உன் முட்டி இன்னா தேஞ்சா பூடும்? விழுந்துட்டு வா."

"வாசிக்கலம்மா."

"வாசிச்சியோ வாசிக்கலியோ. மீனு வாங்கணும் எனக்கு."

அன்புசெல்வி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரெட்டியார்பாளையத்துக்கு பஸ் ஏறினாள். கூடப் படித்த கலைவாணி அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம், வாத்தியத்தைத் திறந்து வாசிக்க மட்டும் சின்னதாக ஏதாவது இருக்கிறதா?

தேடினார்கள். முதலில் கிடைத்தது பார்க்க அழகாக இருந்தது, கல்யாண மேடை மாதிரி மினுமினுப்பு. ஷெனாயை உள்ளே வைத்ததும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி வெடிக்க ஆரம்பித்தது. போ என்று தள்ளினாள். இரண்டாவது லேசாகத்தான் இருந்தது, விரலோடு சத்தமும் வந்தது. ஆனால் வேகமாக வாசித்துவிட்டுக் கை எடுத்தால், எப்போதாவது ஒரு சுரம் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தது.

"எப்பவாச்சும் தானே வருது. பாக்கி எல்லாம் நல்லாருக்கு, இதையே வெச்சிக்கோடி" என்றாள் கலைவாணி.

"எப்பவாச்சும்னா எப்ப? அது தெரிஞ்சா வெச்சிக்கலாம்."

மூன்றாவது வெறும் சாம்பல் நிறப் பெட்டி. அதில் ஒரு படம் கிடையாது, பூ கிடையாது. ஒரு வாத்தியத்தை வைக்கலாம், கட்டையோடு சேர்க்கலாம், வாசிக்கலாம். திறக்கச் சொன்னதும் திறந்தது. பொருத்துகிற பக்கத்தில் ஓர் எண் இருந்தது. அதைக் குறைக்கக் குறைக்கச் சத்தம் விரலை நெருங்கி வந்தது, ரொம்பக் குறைத்தால் வெடித்தது. வெடிக்கிற இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொண்டாள். உள்ளே இருக்கிற சத்தத்தையெல்லாம் ஒரே தட்டில் அடக்குகிற பொத்தானும் இருந்தது. அதைக் கீபோர்டின் இடது ஓரக் கட்டையில் கட்டிவைத்தாள்.

கலைவாணி பக்கத்தில் நின்று உற்று உற்றுப் பார்த்தாள். "இன்னாடி இது, ரெக்கார்டு பண்றது இல்ல, டிராக்கு போட்டு ஓட்றது இல்ல. ஒரு வேலையும் செய்யாதா?"

"நான் வாசிச்சா சத்தம் வரும்."

"அது சரி. வாசிக்கலன்னா?"

"வராது. அதுதான் எனக்கு வேணும்."

சத்தம் குறைந்த சாஃப்ட்வேரைப் பொறுக்கினாள், வசதி குறைந்ததைப் பொறுக்கினாள் என்று பிறகு அதற்கும் பேசினார்கள். பேசட்டும். கழுத்து வலிக்காமல் போட்டுக்கொள்கிற சங்கிலி எது என்று போட்டுக்கொள்கிறவளுக்குத்தானே தெரியும்? பெரிய சாஃப்ட்வேரை அன்றைக்கே லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டாள். வாத்தியங்களில் ஷெனாயும் வயலினும் ஆர்கனும் போதும் என்று மற்றதையும் எடுத்தாள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து வாசித்தாள், கை எடுத்தாள், வாசித்தாள், கை எடுத்தாள். தனத்துக்கே பொறுக்கவில்லை.

"இன்னாடி விட்டு விட்டு வாசிக்கிற? விக்கல் வந்த மாதிரி கீது."

மாசி மகம் வந்தது. தீர்த்தவாரி முடிந்த அன்று குப்பத்தில் கச்சேரி, வருஷா வருஷம் சக்கரபாணி குழுதான். இந்த வருஷம் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர் ராமதாஸ் தயங்கினார். செத்துப்போன கலியபெருமாள் அவருக்குக் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டால் கச்சேரிக்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்லியனுப்பினார். சக்கரபாணி அவரை ஒத்திகைக்கே வரச் சொல்லிவிட்டு, அன்புசெல்வியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு வார்த்தை. தெரியாம வாசிச்சிட்டேன்னு சொல்லு, முடிஞ்சிடும்."

"வாசிக்கலியே அண்ணே."

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குத் தெரியணுமா? டிராக்குனு வெளியில தெரிஞ்சா நம்பள எவன் கூப்புடுவான்?"

பாருங்கள் அவள் மாட்டிக்கொண்ட இடத்தை. வாசித்தேன் என்றால் சாவை அவமதித்தவள். வாசிக்கவில்லை என்றால், இத்தனை நாள் மேடையில் சும்மா நின்றவள்.

ராமதாஸ் மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூட இரண்டு பேர். சக்கரபாணி கண்ணைக் காட்டினார். அன்புசெல்வி காலில் விழவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள், சாம்பல் பெட்டி வந்தது. அன்றைக்கு ஓடிய அதே பாட்டை ஷெனாயில் எடுத்தாள். அறையே நிறைந்தது. ராமதாஸ் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் இரண்டு கையையும் எடுத்தாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இது என் கை, சித்தப்பா. எடுத்தா நின்னுடும். அன்னிக்கி நிக்கலியே, அது ரெக்கார்டு. கம்ப்யூட்டர் தானா ஓடுனது."

ராமதாஸ் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "அப்ப அன்னிக்கி நீ வாசிக்கவே இல்லியா?"

"இல்ல. வாசிக்கிற மாதிரி நின்னேன். ரொம்ப நாளா நின்னேன். அது தப்புதான், அதுக்கு நீங்க எவ்ளோ வேணா திட்டுங்க, கேட்டுக்கிறேன். ஆனா உங்க அண்ணன் போவசொல்ல வாசிச்சேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

ராமதாஸ் சக்கரபாணி பக்கம் திரும்பினார். அப்புறம் புருஷோத்தமனைப் பார்த்தார். "இவரு பாடுறதாவது இவரு பாடுறதா?"

"கொரலு என்னுதுதாங்க" என்றான் புருஷோத்தமன், ரோஷமாக.

ராமதாஸ் சிரிக்கவில்லை. அன்புசெல்வியிடம் நல்லது என்றும் சொல்லவில்லை. "கூட்டத்துல பேசிக்கிறோம்" என்று எழுந்தார். படியில் இறங்குகிறவர் கடைசிப் படியில் நின்று, "தனத்தை நாளைக்கு ஏலத்துக்கு நேரத்துக்கு வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

சக்கரபாணி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"மாசி மகம் போச்சு. இன்னா சாதிச்ச நீ? ஷெனாய், வயலின், புல்லாங்குழல் எல்லாத்தையும் ஒரே நேரத்துல நீ ஒருத்தி வாசிப்பியா?"

"ஒண்ணுதான் வாசிப்பேன். வாசிக்கிறதை நல்லா வாசிப்பேன்."

"ஒண்ணை வெச்சிக்கினு நான் கச்சேரி நடத்த முடியாது. டிராக்கு வேணும். அந்தப் பெரிய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏத்து, இல்லன்னா இங்க வேலையில்ல."

"சரிங்க அண்ணே" என்றாள். எதற்குச் சரி என்று அவருக்கு உடனே புரியவில்லை.

ஒயர்களைச் சுருட்டினாள். லேப்டாப்பைப் பையில் வைத்துத் தோளில் மாட்டினாள். கீபோர்டைத் தாங்கியிருந்த ஸ்டாண்டை மடக்கப் போனபோது, "அது குழுவோடது" என்றார் சக்கரபாணி. ஸ்டாண்டை அப்படியே விட்டாள். துணி சுற்றிய கீபோர்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். கீபோர்டு நீளம், கதவு ஒற்றைக் கதவு. நேராகப் போனால் இடிக்கும். ஒரு பக்கமாகத் திரும்பி, முதலில் கீபோர்டை வெளியே விட்டு, பின்னால் தானும் போனாள்.