ராணிக்குத் தைத்த தோல்

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் நாடகத்துக்கும் நாட்டியத்துக்கும் உடை தைத்து வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறாள் அஃப்சருன்னிசா. வயது ஐம்பத்தெட்டு. அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பி வருகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. முப்பத்தோரு வருஷமாக அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். வரும்போதே "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே அச்சு அசலா வேணும்" என்பார்கள். அடுத்த மூச்சில் கழுத்து எத்தனை இன்ச், கை எது வரைக்கும் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கற்கால மனிதர்கள் வேண்டுமென்று வந்தார்கள். பையன்களுக்கு இடுப்பில் ஒரு முழம் புலித்தோல் துணி, அவ்வளவுதான். பெண்பிள்ளைகளுக்கு அதே துணியில் முழங்கை வரை கை, கழுத்தை ஒட்டி காலர், கீழே லெக்கின்ஸ். எல்லாம் தைத்து அனுப்பிய பிறகு தலைமையாசிரியை போன் செய்து, துப்பட்டா விட்டுப்போயிற்றே என்றார். தீ மூட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்த மனுஷிகள் துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தக் கற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது.

"ஊக்கு கல்லுல வோணுமா, எலும்புல வோணுமா மேடம்?" என்று அஃப்சருன்னிசா கேட்டாள். தலைமையாசிரியைக்குக் கிண்டல் புரியவில்லை. கல்லே போதும் என்றார்.

அவள் புருஷன் அக்பர் பாஷா நாடகக் கம்பெனிகளுக்குத் தைத்தவர். இறந்து ஒன்பது வருஷமாகிறது. ராணி வேஷத்துக்கு பஃப் கை வைக்கச் சொல்லி யாராவது வந்தால், "இது வெள்ளைக்கார துரைசானி போட்ட கைங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கேட்டபடியே தைத்துக் கொடுப்பார். அந்த மரியாதை அஃப்சருன்னிசாவுக்கு வரவில்லை. ஆனால் அவரிடமிருந்து ஒரு பிடிவாதம் மட்டும் ஒட்டிக்கொண்டது. தான் தைத்த உடையோடு மேடையேறுகிறவர் யாரும் கூனிக் குறுகி நிற்கக் கூடாது. அதற்காக ராத்தூக்கம் கெட்டிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அவள் வாய்க்குப் பயந்து வராமல் போனவர்கள். மீதிப் பேர் பயந்துகொண்டே வருகிறவர்கள்.

போன தை மாசம் அவளிடம் வந்து சேர்ந்தவர் சிதம்பரநாதன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பட்டுக்கடை வைத்துப் பெரிய ஆளானவர். பணம் சேர்ந்தவுடன் பண்பாட்டைக் காப்பாற்றும் ஆசையும் வந்துவிட்டது. ஆழ்வார்பேட்டையில் 'பொன்மரபுக் கலைக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தலைவர், புரவலர், ஆலோசகர் மூன்றும் தானே ஆனார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தமிழ் அரசியின் கதையை நாட்டிய நாடகமாகப் போடுவதாக ஏற்பாடு. ராணி வேஷம் நிலாவுக்கு.

நிலா நொச்சிக்குப்பத்துப் பெண். வயது பத்தொன்பது. அம்மா தேசம்மா ரோட்டோரத்தில் மீன் விற்கிறாள். மீனாட்சி டீச்சரின் இலவச நாட்டிய வகுப்பில் நிலா ஏழு வருஷமாக ஆடுகிறாள். ஏழு வருஷமும் கடைசி வரிசை. ஒரு வருஷம் அலை, ஒரு வருஷம் மான், மீதி வருஷமெல்லாம் மரம். அவளைப் போல் அடவு சுத்தம் அந்தக் குழுவில் வேறு யாருக்கும் கிடையாது. மீனாட்சி டீச்சர் இந்தத் தடவை ஒற்றைக்காலில் நின்று ராணி வேஷத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அளவு கொடுக்க வந்த அன்று நிலா சந்தோஷத்தில் ஓரிடத்தில் நிற்க முடியாமல் நின்றாள்.

"எங்கம்மா ஒரு தபா கூட வந்ததில்ல ஆன்ட்டி. நீ மரமா நிக்கிறத பாக்க இன்னாத்துக்கு நான் யாவாரத்த வுட்டுட்டு வரணும்னு கேக்கும். இந்தத் தபா வரேன்னு சொல்லிக்கீது. ராணின்னு சொன்னதும் நம்பவே இல்ல."

"வரட்டும்மே. வந்து பாக்கட்டும். அசந்து பூடணும்" என்றாள் அஃப்சருன்னிசா.

அடுத்த நாள் சிதம்பரநாதன் ஓர் ஆல்பத்தோடு வந்தார். ஊர் ஊராகப் போய் அவரே எடுத்த படங்கள். கோயில் தூண்கள், ஐம்பொன் சிலைகள், சுவர்ச் சிற்பங்கள். எல்லாவற்றிலும் பெண்கள். இடுப்புக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் துணி, மேலே நகை. சிலருக்கு மார்பில் ஒரு கச்சு. பலருக்கு அதுவும் இல்லை.

"இதே மாதிரி வேணும்மா. ஒரு நூல் பிசகக் கூடாது."

அஃப்சருன்னிசா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதுல ரவிக்கையே இல்லியே சார்."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. அத்தனை ஊர் அலைந்து, அத்தனை படம் எடுத்தவர், அதை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் இதே உருவங்களின் முன்னால் கண்ணில் நீர் வரக் கும்பிடுகிறவர்.

"அது சிலைம்மா. சிலை எப்படி வேணா இருக்கும். மேடையில நிக்கது பொம்பளப்பிள்ள. கழுத்து நாலு இன்ச்சுக்குக் கீழ எறங்கக் கூடாது, கை மணிக்கட்டு வரை, இடுப்பு தெரியவே கூடாது. உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களே மூடித்தான நடக்கீங்க?"

அஃப்சருன்னிசா தன் கறுப்பு புர்க்காவை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். தன் கட்சியில் ஆள் சேர்க்க வந்தவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். "என்னுத நானா மூடிக்கினேன் சார். யாரும் ஸ்கேலு வெச்சி அளந்து மூடல" என்றாள்.

கடைசியில் சிதம்பரநாதனே வழி கண்டுபிடித்தார். சிலையில் இருப்பதுபோலக் கச்சும் நகையும் வெளியே இருக்கட்டும். உள்ளே கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை, இடுப்பு வரை, உடம்பை ஒட்டி ஸ்கின் கலர் துணி. மானமும் போகாது, சிலையும் பிசகாது. அந்த யோசனையில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால் கோபுரத்தையே அவர்தான் கட்டினார் என்று நினைக்கத் தோன்றும். மறுநாளே தன் கடையிலிருந்து இழுத்தால் நீளும் லைக்ரா துணி ஒரு சுருள் அனுப்பினார். சீட்டில் 'ஸ்கின்' என்று போட்டிருந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் நிறம். யாருடைய தோல் என்று சீட்டில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று துணி நெய்தவன் முதல் விற்பவர் வரை எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

தோழியாக வரும் ஜானுவுக்கு அது அப்படியே பொருந்தியது. ஜானு நல்ல சிவப்பு. போட்டுக்கொண்டு நின்றபோது துணி எங்கே முடிகிறது, பெண் எங்கே ஆரம்பிக்கிறாள் என்று தெரியவில்லை. பத்தடி தள்ளிப் பார்த்தால் மேலே கச்சைத் தவிர ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருந்தது. சிதம்பரநாதன் பார்த்தார். "மகாலட்சுமி கணக்கா இருக்கு" என்றார்.

நிலா கறுப்பு. நல்ல, பளபளப்பான கறுப்பு. அவளுக்கு அதே துணியைப் போட்டால், கறுத்த கழுத்துக்கும் கறுத்த விரல்களுக்கும் நடுவில் வேறு யாரோ ஒருத்தியின் உடம்பைக் கொண்டுவந்து மாட்டியதுபோல் இருந்தது. நிலா கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அந்தத் தோளைப் பார்த்ததும் அஃப்சருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளை லைக்ரா வாங்கினாள். சாயப்பொடி கலக்கி, மொட்டைமாடி வெயிலில் நிலாவின் முன்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தோய்த்தாள். முதல் தடவை சிவந்துவிட்டது. இரண்டாவது தடவை சாம்பல் பூத்தது. மூன்றாவது தடவை காய்ந்த துணியை நிலாவின் கையில் சுற்றியபோது துணி காணாமலே போய்விட்டது. நிலா சிரித்தாள். தோள் நிமிர்ந்தது. அதன் மேல் கச்சும் நகையும் ஏறியதும், ஆல்பத்தில் இருந்த அத்தனை தூண்களிலிருந்தும் ஒருத்தி இறங்கி வந்து கடைக்குள் நின்றாள். நான்கு இன்ச் கழுத்து நான்கு இன்ச்சாகவே இருந்தது. கை மணிக்கட்டு வரை இருந்தது. சிதம்பரநாதன் சட்டத்தில் ஒரு நூல் பிசகவில்லை.

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னால் ஒத்திகை. நிலா மேடைக்கு வந்து இரண்டு அடி வைத்திருக்க மாட்டாள். மூன்றாவது வரிசையிலிருந்து சிதம்பரநாதன் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்க! என்ன கோலம் இது? மேல ஒண்ணும் போடாம நிக்கா!"

மிருதங்கம் நின்றது. நிலா இரண்டு கைகளாலும் மார்பை மறைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மூடியிருந்த பெண், தன்னை மறைத்துக்கொள்ளக் கை தேடினாள். அதை அங்கிருந்த முப்பது பேரும் பார்த்தார்கள்.

அஃப்சருன்னிசா மேடையேறி, நிலாவின் தோளில் துணியைக் கிள்ளி இழுத்துக் காட்டினாள். "துணி சார். நீங்க சொன்ன அளவு. ஸ்கேலு கீதா, வந்து அளந்து பாருங்க."

"துணி இருக்குன்னு எனக்கும் தெரியுது. பாக்க அசிங்கமா இருக்குல்லா?"

"அதோ ஜானு நிக்குது. அதுக்கும் இதே அளவு, இதே துணி. அதுலயும் ஒண்ணும் போடாத மாதிரிதான் தெரியுது. அத மகாலட்சுமின்னீங்க."

சிதம்பரநாதன் ஜானுவைப் பார்த்தார். நிலாவைப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் அருவருப்பு. மனசாரச் சொன்னார்.

"அது வேறம்மா."

அவ்வளவுதான் அவருடைய பண்பாடு. அதற்கு ஆல்பம் எதற்கு, கழகம் எதற்கு, ஆயிரம் வருஷம்தான் எதற்கு? ராஜாவாக வரும் அனிருத் அதே மேடையில், மாநிறத் தொந்தியும் ஒரு முத்துமாலையுமாக, இடுப்புக்கு மேல் பொட்டுத் துணி இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். அவன் மானத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

சிதம்பரநாதன் தீர்ப்புச் சொன்னார். தான் அனுப்பிய பழைய துணியையே போட வேண்டும். கழுத்தும் முகமும் கையும் அதற்குச் சரியாக வரும்படி மேக்கப்பில் ஏற்றிவிட வேண்டும். முடியாதென்றால் ஜானு ராணியாகட்டும். மீனாட்சி டீச்சர் வாயைத் திறந்தார், புரவலரின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அஃப்சருன்னிசா விறுவிறுவென்று மேடையை விட்டு இறங்கினாள். கச்சு, நகை, கொசுவம் எல்லாவற்றையும் பெட்டியில் அள்ளிப் போட்டாள். எந்த ராணியும் இனி தன் உடையில் இந்த மேடை ஏறப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ஆட்டோவுக்குக் கை காட்டும்போது நிலா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க கோவிச்சிக்கினு போயிட்டா ஜானுதான் ராணி. நான் மறுபடியும் மரம். எங்கம்மா வருது ஆன்ட்டி. அது கண்ணு முன்னால நான் ஒரே ஒரு தபா நடுவுல நிக்கணும். கலர்தான? கழுவுனா பூடும்."

"உனக்கு ரோசமே இல்லியாமே?"

"கீது. ரோசத்த வெச்சிக்கினு நான் எந்த மேடையில ஆடுறது?"

முப்பத்தோரு வருஷம் வாயால் ஜெயித்தவள் அந்த ஆட்டோ வாசலில் தோற்றுப்போனாள். தைத்துத் தருகிறேன் என்று பெட்டியைத் திருப்பி உள்ளே கொண்டுபோனாள். கோபம் அவளுக்குச் சொந்தக் கடையில் உட்கார்ந்து படுகிற கோபம். அந்தப் பெண்ணுக்கு அது கட்டுப்படியாகாது. அடுத்த நாள் முழுக்க உட்கார்ந்து பிளாஸ்திரி நிறத் துணியில் ராணிக்கு ஒரு தோல் தைத்து முடித்தாள். தையல் துளிகூடச் சுருங்கவில்லை. அதை நினைத்தால்தான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நிகழ்ச்சியன்று வழக்கமாக மேடையோரம் ஊசி நூலோடு நிற்பவள், அன்று நிற்கவில்லை. மேக்கப்காரர் நிலாவின் கழுத்தில் பூச ஆரம்பித்ததுமே வெளியே வந்துவிட்டாள். அரங்க வாசலில் புதுப் புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாகத் தேசம்மா முழித்துக்கொண்டு நின்றாள். அஃப்சருன்னிசா நிலாவின் முகஜாடையை வைத்து அவளைக் கண்டுபிடித்து, கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். முதலில் சிதம்பரநாதன் பேசினார். தமிழ்ப் பெண்ணின் நாணத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

திரை விலகியது. தோழிகள் வந்தார்கள். பிறகு ராணி வந்தாள். கச்சும் கிரீடமுமாக, வெளிர் ரோஸ் முகமும் வெளிர் ரோஸ் கைகளுமாக, நடு மேடையில் வந்து நின்று ஆடினாள். என்னமாய் ஆடினாள்! முன்வரிசை சபாஷ் போட்டது. அஃப்சருன்னிசா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். தேசம்மா மேடையையே பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தேசம்மா, எங்க கெளம்பிட்ட?"

"எம் பொண்ண தூக்கிட்டாங்க பாயம்மா." அவள் குரல் உடைந்திருந்தது. "ராணி நான்தான்னு சொல்லிச்சு. இது யாரோ செவத்த பொண்ணு. கடைசி நேரத்துல மாத்திட்டானுங்க பாவிங்க. அது உள்ள எங்கனா குந்திக்கினு அழுதுக்கினு இருக்கும். நான் போய் கூட்டிக்கினு போறேன்."

அஃப்சருன்னிசா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "குந்து. மாத்தல. அதான் நிலா."

தேசம்மா மேடையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். ராணி முழுச் சுற்றுச் சுற்றி வந்து நிற்கும் வரை பார்த்தாள். பெற்றவள் தன் பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

"ஆமா, காலு அதோட காலுதான்" என்றாள் மெதுவாக. "அதுக்கு மேல இன்னாத்துக்கு அத போத்தி வெச்சிக்கீறாங்க? எம் பொண்ணு கலருக்கு இன்னா கொறச்சல்? யாரு தச்சது அத?"

முன்வரிசையில் சிதம்பரநாதன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றாள் அஃப்சருன்னிசா.

தேசம்மா அவள் பிடியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.