கிழவனுக்கு இறைச்சி பழக்கியது

“...எண்டபடியால்தான் தட்டை எடுத்து வைச்சனான். பசிச்சால் தின்னும் எண்டு நீர்தானே சொன்னனீர்? இப்ப பாரும், வாயால வீணி வடியுது. கண் திறந்திருக்கு, ஆனால் என்னைப் பார்க்கிறானில்லை.”

நான் மரக்கறி விற்கும் ஜான்-டலோன் சந்தையில், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று இதைக் கேட்டேன். தொலைபேசியில் மச்சாள், என் அண்ணையின் மனைவி. அண்ணை இறந்து முப்பத்தாறாவது நாள். மச்சாள் ‘பார்க்கிறானில்லை’ என்று சொன்னது அண்ணை வளர்த்த ஃபெரெட்டை.

“பல்முரசில தேன் பூசுங்கோ மச்சாள். விரலை உள்ள விடாதேங்கோ, கடிச்சுப்போடும். நான் வாறன்.”

சந்தையிலிருந்து மச்சாள் வீடு இருக்கும் கார்ட்டியர்வில்லுக்கு மெட்ரோவும் பஸ்ஸுமாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் என்னைத் தவிர வேறு யாரையாவது குற்றம் சொல்ல முடியுமா என்று தேடிக்கொண்டுதான் போனேன்.

ஃபெரெட்டைப் பார்த்திராதவர்கள் ஒரு கீரியை நினைத்துக்கொள்ளலாம். நீளமான உடம்பு, குட்டைக் கால், எந்தப் பொந்தைக் கண்டாலும் தலையை விடுகிற குணம். அண்ணையிடம் இரண்டு இருந்தன. மண்ணிறத்தில் ஒரு வயதான ஆண், வெள்ளையில் ஓர் இளம் பெண். கிழவன், வெள்ளைக்காரி என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. “உம்மட கொண்ணைக்கு நான் ரெண்டாந்தாரம். முதல் தாரம் உந்தக் கூட்டுக்குள்ள கிடக்கு” என்பார் மச்சாள். அப்படிப் பகிடி பண்ணியவர், அண்ணை போன பிறகு அவர் பனிக்குப் போடும் கோட்டை அலமாரியில் மாட்டவில்லை. கிழவன் அதன் கைக்குள் புகுந்து படுக்கிறான் என்பதற்காகத் தரையிலேயே விட்டிருந்தார். காலையில் எழுந்ததும் கோட்டுக் கையைத் தடவிப் பார்ப்பார். உள்ளே சூடாக ஒன்று அசைந்தால்தான் தேத்தண்ணி வைக்கப் போவார்.

கிழவனுக்கு இரத்தத்தில் சீனி அடிக்கடி இறங்குகிறது என்று இலையுதிர் காலத்திலேயே மிருக வைத்தியர் கண்டுபிடித்திருந்தார். கடையில் வாங்கும் உலர்ந்த உருண்டைத் தீனியை விட்டுப் பச்சை இறைச்சிக்கு மாற்றச் சொன்னார். அதோடு அண்ணை வாங்கும் தீனியைச் செய்த கம்பனியும் அதை நிறுத்திவிட்டது. கடைசிப் பையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து, “பனி கரைய முதல் ரெண்டு பேரையும் இறைச்சிக்குக் கொண்டுவந்திடுவன்” என்றார். பனி கரைய முதல் அவர் போனார். வேலைக்கு வெளிக்கிட்டவர், வாசல் இரும்புப் படியில் இருந்தபடியே.

இந்த ஊர் மொழியான பிரெஞ்சில் வைத்தியர் கொடுத்த தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவளில்லை. சந்தையில் விற்று விற்றுப் பிடித்ததுதான். அகராதியோடு இருந்து வாசித்தேன். இந்தப் பிராணிகள் குட்டியாக இருக்கும்போதே எது சாப்பாடு என்று மூக்கால் முடிவு பண்ணிவிடுமாம். பிறகு வருவது எவ்வளவு நல்லதென்றாலும் அதற்கு அது சாப்பாடே இல்லை. ஆகவே உலர் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அதில் விரல்நுனியளவு அரைத்த இறைச்சி. நாலு நாள் பொறுத்து இன்னும் கொஞ்சம். ஆறேழு கிழமை, ஒன்றரை மாதமளவு, எடுக்கும். நாளுக்கு ஒருதரம் நிறுத்துப் பார்க்க வேண்டும். இறைச்சியை நன்றாகத் தின்னும்வரை பழைய தீனி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். நோயுள்ள பிராணி நாலு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியின் கீழ் வைத்தியர் பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

இதையெல்லாம் எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் மச்சாளிடம் சொன்னேன்.

“முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் பிள்ளை,” என்றார். “அதுவரைக்கும் வீட்டில மச்சம் மாமிசம் இல்லை. வாற சனம் என்ன சொல்லும்?”

துக்கம் விசாரிக்க வந்திருந்த சித்தப்பா முறையான ஒருவர் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மனுசர் நாங்களே மரக்கறியோட கிடக்கிறம். கீரிக்கு என்ன அவசரம்? உதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதானே, துடக்குக் காக்கட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள். பல நாட்களுக்குப் பிறகு மச்சாளும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பையைத் தூக்கிப் பார்த்தேன். முப்பத்தொன்று தாண்டி ஒரு கிழமைக்குக் காணும். ஆறேழு கிழமை வேண்டும் என்று தாளில் இருந்தது எனக்குத் தெரியும். “ஓம்” என்றேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, சந்தையில் மதிய இடைவேளையில் நான் கோழி சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டேன். குளிர், பசி, பக்கத்தில் யாரும் தமிழர் இல்லை. வாயைத் துடைத்துவிட்டுப் பின்னேரம் மச்சாள் வீட்டுக்குப் போய்ப் பருப்பும் சோறும் சாப்பிட்டேன். கிழவன் அன்று என் மடியில் ஏறி, என் விரல்களை நெடுநேரம் மணந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் கோழி ஈரல், இதயம், அரைத்த வான்கோழி எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். இறைச்சி என்றால் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கழுவாமல் எங்கள் கையால் தொட முடியாது. அப்படியே கழுவித் தட்டில் வைத்தேன். கிழவன் வந்தான், மணந்தான், மூக்கை அந்தப் பக்கம் திருப்பினான். பிறகு தன் போர்வையை இழுத்துத் தட்டை மூடினான், அசிங்கத்தை மண் தள்ளி மூடுவதுபோல.

“தேசிக்காய் மணக்குது,” என்றார் மச்சாள். “உப்பும் தூளும் போடும், நான் சட்டி வைக்கிறன்.”

அடுத்த நாள் கழுவாமல் வைத்தேன். வெள்ளைக்காரி ஓர் இதயத்தைக் கவ்விக்கொண்டு சோபாவுக்குக் கீழே ஓடினாள். அவளுக்கு அன்றே பிடித்துவிட்டது. இன்றுவரை அவள் வேறெதுவும் தின்பதில்லை. கிழவன் மட்டும் மசியவில்லை. கூழில் கலந்தால் கூழையும் விட்டான். உதட்டில் பூசினால் தரையில் தேய்த்துத் துடைத்தான். உலர் தீனியை மட்டும் கொறித்தான், பை அடியைத் தொட்டது. தராசில் நாளுக்கு நாள் இறங்கினான்.

சனங்கள் சொல்வதைக் கேட்டு மனதில் வைத்திருப்பது என் பழக்கம். நறுக்கென்று வாயில் உருளுகிற பேச்சு என்றால் அது உண்மையாகவும் இருக்கும் என்று நம்பிவிடுவேன். அந்தச் சித்தப்பா மறுபடி வந்திருந்தபோது, “ராசா மாதிரி வளர்த்தால் ராசா மாதிரித்தான் கேப்பான். தட்டைத் தூக்கி வைச்சுப் பாருங்கோ, பசிச்சால் தின்னும்,” என்றார். எவ்வளவு சுலபம்! அடுத்த நாள் விடிய வேலைக்குப் போகிற வழியில் மச்சாளைக் கூப்பிட்டு அதையே என் சொல் மாதிரிச் சொன்னேன்.

“தாளில வேற மாதிரியெல்லோ எழுதிக் கிடக்கு எண்டு சொன்னனீர்?”

“ஒரு நாள்தானே மச்சாள். இறைச்சி மட்டும் பக்கத்தில இருக்கட்டும்.”

“கிழவனெல்லோ.”

“பசிச்சால் தின்னும்.”

அவர் காலை ஆறரைக்குத் தீனித் தட்டை எடுத்தார். தொலைபேசி வந்தபோது மணி ஒன்றரை.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே யாரும் இல்லை. தரையில் மூடி திறந்த தேன் போத்தல். பக்கத்தில் இறைச்சித் தட்டு, காய்ந்துபோய். அதைச் சுற்றித் தீனி உருண்டைகள் சிதறியிருந்தன, தின்னடா என்று கெஞ்சியிருக்கிறார். அண்ணையின் கோட்டைக் காணவில்லை.

மிருக வைத்தியசாலை நாலு தெரு தள்ளி. நடைபாதை முழுக்கப் பனிக்கட்டி. நான் போனபோது மச்சாள் சுவரோரக் கதிரையில் இருந்தார். காலில் வீட்டுச் செருப்பு, நனைந்த காலுறை. மடியில் அண்ணையின் கோட்டு, அதன் ஒரு கை வெறுமையாக. என்னைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வைத்தியர் வெளியே வந்தார். இளம் பெண், களைத்த முகம். அவர் பேசியதை நான் தமிழில் சொல்லச் சொல்ல மச்சாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சீனி மிகக் கீழே போய்விட்டது. வலிப்பு நிற்கவில்லை. ஊசியில் சீனி ஏற்றியும் நினைவு திரும்பவில்லை. இதற்கு மேல் இழுத்தால் அவனுக்குத்தான் நோவு. வலியில்லாமல் போகவிடுவது நல்லது.

“கையில வைச்சிருக்கலாமோ எண்டு கேளும்,” என்றார் மச்சாள்.

கேட்டேன். வைத்திருக்கலாம் என்றார்.

பிறகு அவர் ஒரு சம்மதப் படிவத்தை மேசையில் வைத்தார். எப்போதிருந்து சாப்பாடில்லை என்று கேட்டார். காலை ஆறரை என்றேன். எழுதினார். எழுதிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் இன்னொன்றும் கேட்டார்: நான் இரண்டு கோடு போட்டுத் தந்தேனே, பழைய தீனியை ஒரேயடியாக நிறுத்த யார் முடிவெடுத்தது?

இதை நான் தமிழில் சொல்லவில்லை. என்ன பிரெஞ்சுச் சொல் வரும் என்று தேடுகிறவள்போல நின்றேன். தேடவேண்டியது ஒன்றுமில்லை, ஒற்றைச் சொல்தான்.

மச்சாள் வேலை செய்வது கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில், சின்னக் குழந்தைகளின் பிரெஞ்சு அவருக்குக் காதில் விழுந்து விழுந்து பழக்கம். கேள்வி அவருக்கு விளங்கிவிட்டது.

“முவா,” என்றார். நான்தான் என்று நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். பிறகு வைத்தியரின் கையிலிருந்து பேனையை வாங்கி, படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்து வைத்தார். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்காக நிற்காமல் கிழவன் கிடந்த அறைக்குள் போனார்.