முட்டை வைக்காத விருந்து

அமெரிக்காவின் வெஸ்ட்போர்ட் கடற்கரையில் சர்ச்சுக்காரர்கள் ஆகஸ்டு தோறும் போடும் மட்டிச் சிப்பி விருந்துக்கு அல்டன் மகோம்பர்தான் அடுப்புக்காரர். கிணறு வெட்டிப் பிழைத்தவர். பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. ஜூலையில் மனைவி வெர்னா போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று அவர் அழவில்லை. பிறகும் அழவில்லை. ஊர் அதைக் கவனித்தது; ஊருக்கு வேறென்ன வேலை? அழக்கூடாது என்றெல்லாம் அவருக்கு இல்லை. உள்ளே எதுவும் அசையவில்லை, அவ்வளவுதான். குடிக்கிற காபிகூட வெந்நீராக இறங்கியது.

“இந்த வருஷம் வேற யாராச்சும் பாத்துக்கட்டுமே” என்றார் பாதிரியார்.

“ஏன், எனக்குக் கை விழுந்துபோச்சா?”

விடிந்ததும் கல் அடுக்கி விறகு மூட்டினார். கற்கள் சூட்டில் வெளுத்ததும் தணலை வாரித் தள்ளி, ஈரக் கடற்பாசியைக் கொட்டினார். அதன்மேல் மட்டி, மீன், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம். எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில், ஒரு பச்சை முட்டை வைப்பது வழக்கம். அது இறுகிவிட்டால் அடியில் எல்லாம் வெந்தாயிற்று என்று அர்த்தம்.

அந்த முட்டை வெர்னாவின் சாப்பாடு. மட்டி தின்றால் அவளுக்கு முகம் வீங்கிவிடும். ஊரே மட்டியை உறிஞ்சும்போது அவள் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து முட்டை உரிப்பாள்.

“என் மூக்கு சொல்லாததையா உன் முட்டை சொல்லிடப்போகுது?” என்று அல்டன் சீண்டுவார்.

“உன் மூக்கை எவ நம்புறது? எனக்குப் பசிக்குது, எடு” என்பாள்.

இந்த முறை முட்டையை எடுத்தார், பார்த்தார், கூடையிலேயே வைத்துவிட்டார். நனைத்த படுதாவை இழுத்து மூடினார். மூக்கு போதும் என்று நினைத்தார்.

மதியம் ஆவி குபுகுபுவென்று வந்தது. ஜனம் தட்டோடு நின்றது. குனிந்து மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சுற்றிவந்து மறுபடி மோந்தார். வாசனையே இல்லை. அவசரப்பட்டுத் திறந்தால் ஆவி போய்விடும். ஊர் முழுக்க அரைவேக்காடுதான் தின்ன வேண்டும்.

“என்ன பெரியவரே, திறக்கிறீங்களா, இல்ல தட்டைக் கடிச்சுத் தின்னவா?” என்றான் மீன்காரன் ஃபர்டாடோ.

வெர்னாவின் அக்கா பியூலா பக்கத்தில் வந்தாள். “முட்டையப் பாத்தியா?”

“வைக்கல.”

“மறந்துட்டியா?”

“மறக்கல. யாருக்குன்னு வைக்கிறது, பியூலா?” குரலைத் தாழ்த்தினார். “மூக்கும் செத்துப்போச்சு. அவ போனதுலேருந்து ஒரு வாசனையும் தெரியலன்னு இப்பத்தான் புரியுது.”

பியூலா கூடையிலிருந்து முட்டையை எடுத்து, படுதா ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கி உள்ளே செருகினாள்.

“நான் திங்கிறேன்” என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: “அல்டன் சொல்றப்பத்தான் திறப்போம். அதுவரைக்கும் எலுமிச்சைத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டிருங்க!”

முட்டை தாமதமாகப் போனதால் எல்லாமே தாமதம். அது இறுகியபின் படுதாவைத் திறந்தபோது மட்டி ரப்பராகியிருந்தது. ஃபர்டாடோகூட அதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

பியூலா கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து முட்டையை உரித்தாள். உப்புத் தூவி, பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினாள். வாங்கி வாயில் போட்டு மென்றார்.

“உப்பு கம்மி” என்றார்.

சொன்ன பிறகுதான், நாக்கில் ருசி தட்டியது அவருக்கே உறைத்தது. பியூலா கையிலிருந்த மறுபாதியைத் தின்னாமல் அவரையே பார்த்தாள். அல்டனுக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் பார்க்கட்டும் என்று அழுதார்.