முஸ்லிஹாவுக்குக் கொடுத்த நட்சத்திரம்

ஜாவாத் தீவின் கரையோர நகரமான பெக்கலோங்கானின் வடக்குச் சந்துகளில் விடிவதற்குள் கடல் வாசலுக்கு வந்துவிடும். எந்தச் சந்தில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்காமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை. அதற்காகவே பதினோராயிரம் பேர் கொண்ட இணையக் குழு ஒன்று இருந்தது.

பலாக்காய் கலந்த மெகோனோ சோறு விற்கும் முஸ்லிஹா, அதிகாலைத் தொழுகை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றிவிட்டு எழுதுவாள்: "ஐந்தாம் சந்து, முழங்கால்." ஒன்பது வருடமாக ஒருநாளும் பெயர் போட்டதில்லை. அவளைப் போல இன்னும் பத்துப் பேர் பெயரில்லாமலே எழுதினார்கள். ஊர் பார்க்கச் செய்கிற நன்மை நன்மையல்ல என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். இப்படிப்பட்ட குழுக்களில் மக்கள் ஏன் எழுதுகிறார்கள், எது அவர்களைத் தூண்டுகிறது என்பது கேள்வி. குழுவை நடத்துபவர் தலையாட்டினார். பெயரில்லாமல் எழுதும் வசதி நிறுத்தப்பட்டது. யார் எழுதியது என்று நடத்துபவருக்கு மட்டுமே தெரிந்த பழைய பதிவுகளையும் சேர்த்து எண்ணி, அதிகம் எழுதியவள் என்று குழுவில் முஸ்லிஹாவின் படத்துக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் ஒட்டினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சந்தையில் மீன் விற்கும் தர்வாத்தி கையைத் தட்டினாள். "ஏய், வழி விடுங்க, நட்சத்திரம் வருது! இபு, எங்கம்மா, தேர்தல்ல நிக்கப் போறீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாலை வாங்கி வெச்சிருப்பேனே!"

முஸ்லிஹா சிரித்து வைத்தாள். உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளிலிருந்து அவள் எழுதவில்லை. மற்றப் பழையவர்களும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே எழுதித் தள்ளினார்கள். வியாழக்கிழமை ஐந்தாம் சந்தில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. முஸ்லிஹா கண்ணால் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு போனாள். குழுவிலோ "ஐந்தாம் சந்து காய்ந்திருக்கு" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை நம்பி வந்த டோஃபு வியாபாரியின் வண்டி குடைசாய்ந்து, சரக்கெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது.

அன்று மாலை ஆய்வு உதவியாளர் விந்தார்த்தி கேள்வித்தாளோடு வந்தாள். "ஏன் எழுதறதை நிறுத்தினீங்க இபு? ஒண்ணு, நேரமில்லை. ரெண்டு, ஆர்வம் குறைஞ்சிடுச்சு..."

"மூணு, நீங்க கெடுத்துட்டீங்கன்னு இருக்கா?"

"அப்படி இல்லீங்க... பாராட்டினா எல்லாரும் நிறைய எழுதுவாங்கன்னுதான். எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆயிருக்கு இபு."

"பொய் ரெண்டு மடங்கு ஆயிருக்குன்னு எழுதிக்கோம்மா! அந்த மனுசன் வண்டி கவுந்ததே, அது எந்த எண்ணிக்கையில வருது? முதல்ல அந்த நட்சத்திரத்தை எடு!"

விந்தார்த்தி தலை குனிந்தாள். "ஆய்வு முடியற வரைக்கும், மாசக் கடைசி வரைக்கும் மாத்தக் கூடாதுங்க."

மாசக் கடைசி வரைக்கும் கடல் பொறுக்குமா?

மறுநாள் விடியற்காலை முஸ்லிஹா ஐந்தாம் சந்துத் தண்ணீரில் நின்றபடி, முகமும் பெயரும் நட்சத்திரமும் தெரிய எழுதினாள்: "முழங்காலுக்கு மேல். வராதீர்கள்." டோஃபு வியாபாரி அன்று வேறு வழியாகச் சுற்றிப் போனார்.

ஆறாம் சந்துக்குக் கிளம்பும்முன் அவள் கைப்பேசியை மறுபடி எடுத்தாள். அவள் பதிவுக்கு நாற்பத்திரண்டு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். இன்னொருவர் சேர்கிறாரா என்று காத்து நின்றாள். தான் எதற்காக நிற்கிறோம் என்பது உறைத்தபோது, தர்வாத்தியின் கேலிக்கும் வராத ஆத்திரம் அவளுக்கு வந்தது.