நிற்க வேண்டிய மோட்டார்

அன்று கம்ப்ரசர் ரூமில் ஆபரேட்டர் அண்ணன் மட்டும்தான் இருந்தார். முதலாளி இல்லை. நானும் இல்லை, கிளியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்.

மரக்காணத்தில் உப்பைப் பொடித்துப் பாக்கெட் போடும் கம்பெனி அது. பாக்கெட் மெஷின் கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றில் ஓடுகிறது. அந்தக் காற்றில் ஈரம் கலந்தால் உப்பு கட்டி தட்டிவிடும். அதனால் காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்க ஒரு டிரையர். பழைய டிரையரின் மோட்டார் நிற்காமல் ஓடும். கரண்ட் பில்லைக் காட்டிப் புதுசு வாங்கவைத்தவன் நான். புதுசுக்குள் மெழுகு மாதிரி ஒரு பொருள். மோட்டார் ஓடி அதை உறையவைக்கும், பிறகு தானே நின்றுவிடும். உறைந்தது உருகி முடியும்வரை அந்தக் குளிரே போதும்.

அண்ணனுக்கு இதைச் சொன்னேன்தான். புத்தகத்தில் இருந்தபடி, ‘பேஸ் சேஞ்ச்’, ‘லேட்டன்ட் ஹீட்’ என்று. தலையாட்டினார். பேங்கில் அதிகாரி பேசும்போது என் அப்பா ஆட்டுவாரே, அதே தலையாட்டல். புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பேசி முடித்த பெருமையில் விட்டுவிட்டேன்.

புதுசை முதன்முதலாக ஓட்டியது கல்யாணத்தன்றுதான். கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றது. கெட்டுப்போச்சு என்று நினைத்த அண்ணன், பாக்கெட் வேலை நின்றுவிடக் கூடாதே என்று, கண்ட்ரோலைக் கழற்றி வயரை டைரக்டாகக் கொடுத்துவிட்டார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பிரிந்த தண்ணீர் உள்ளேயே ஐஸாகி, குழாய் வெடித்தது.

மறுநாள் முதலாளி என்னைக் கேட்டார்: “ஏம்பா, இவன்கிட்ட சொன்னியா இல்லியா?”

“சொன்னேன் சார்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். வேலை தப்பியது, ரிப்பேர் செலவு அவர் சம்பளத்தில் விழுந்தது.

மதியம் வழக்கம்போல அவர் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். இந்த முறை சாதாரணப் பேச்சில் விளக்கினேன். அவர் அனுமந்தைக்காரர், மீன்பிடிக் குடும்பம். பாதியிலேயே சிரித்துவிட்டார்.

“டேய், எங்க போட்ல ஐஸ் பெட்டி இருக்குது. அதுல மோட்டாரா ஓடுது? ஐஸ் கரையிற வரைக்கும் மீன் தாங்கும். இதான்னு சொல்லியிருந்தா நான் ஏன்டா அதுல கை வெக்கப்போறேன்?”

“பாதி நான் கட்டுறேண்ணா.”

“நீ படிச்சவன். வெச்சிக்க.”

அடுத்த நாளிலிருந்து உப்பு மூட்டை அடுக்கியிருக்கும் பக்கம் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். நான் அதே ரூமில். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரசரையும் நிறுத்திவிடுவோம். நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்கும். போன மாதத்தோடு அவர் பிடித்தம் முடிந்தது. இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறார்.

மாதம் இரண்டாயிரம், பத்தொன்பது மாதம். முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.